கொடி சேரும் இடம்

எங்க அண்ணிக்கு வலது தோள் போய் ஆறு வருஷம் ஆச்சு. தலை வாரக் கையைத் தூக்கினா முகம் சுருங்கிடும். அதனால காலையில அவங்களுக்குக் கொண்டை போட்டு விடுறது என் வேலை. நாத்தனார் அண்ணிக்குத் தலை வாரி விடுறான்னு தெருவுல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எங்க அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்குறான், கட்டினவ கையை ஏத்த மட்டும் வழி தெரியல. இதை அவன் முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன். சிரிச்சுட்டு டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போயிடுவான்.

அண்ணி ஸ்கேன் எடுக்கிறவங்க. வயித்துல ஜெல்லைத் தடவி, கையில ஒரு கருவியைப் பிடிச்சு, அழுத்தித் திருப்பித் திருப்பி உள்ள இருக்கிற குழந்தையைத் திரையில பாக்கிற வேலை. வெளிய இருந்து பாத்தா ஏசி ரூம்ல உக்காந்து படம் பாக்கிற வேலைன்னு தோணும். ஒரு நாளைக்கு நாப்பது வயித்தை அழுத்திப் பாருங்க, அப்புறம் தெரியும். கல்யாணம் ஆகி வந்தப்போ அவங்க எக்ஸ்ரே ரூம்ல பிலிம் கழுவிட்டு இருந்தாங்க. அப்புறம் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படிச்சு இந்த வேலைக்கு வந்தாங்க. இருபத்திரெண்டு வருஷமா இதே நாற்காலி. நாற்காலி கூட மூணு தடவை மாறிடுச்சு, அவங்க மாறல.

என் கல்யாணம் மூணே வருஷத்துல முறிஞ்சு நான் ஒரு பெட்டியோட திரும்பி வந்து நின்னப்போ, ஒரு கேள்வி கேக்காம பெட்டியை வாங்கி உள்ள வெச்சவங்க அண்ணிதான். என் அண்ணன் கூட "என்ன ஆச்சு, ஏது ஆச்சு"ன்னு வாசல்லயே நிக்க வெச்சான். அடுத்த மாசமே அவங்க சென்டர்ல ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலைக்கு என்னைச் சேர்த்து விட்டாங்க. அதனால அவங்களைப் பத்தி நான் நியாயமாப் பேசுவேன்னு எதிர்பார்க்காதீங்க.

ஸ்கேன் ரூம் சின்னது. ஒரு கட்டில், மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு பச்சைத் திரைச்சீலை. நடுவுல ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கம்ப்யூட்டர். அண்ணி அங்க இருந்து சொல்லச் சொல்ல நான் இங்க அடிப்பேன். வயித்துல பட்டா சில்லுன்னு இருக்கக் கூடாதுன்னு ஜெல் பாட்டிலை வெந்நீர்ல போட்டு வெச்சிருப்பாங்க. அதை யாரும் கவனிச்சதில்ல, நன்றி சொன்னதும் இல்ல.

கூட வேலை பாக்கிறவங்க அவங்களைக் கல்லுமுகம்னு கூப்பிடுவாங்க. படுத்திருக்கிற பொண்ணுங்க திரையைப் பாக்க மாட்டாங்க, ஸ்கேன் எடுக்கிறவங்க முகத்தைத்தான் பாப்பாங்க. திரையில என்ன தெரியப் போகுது, கருப்பும் வெள்ளையுமா ஒரு கலங்கல். முகத்துல புருவம் ஒரு நூல் ஏறினாப் போதும், "என்ன, ஏதாவது பிரச்சனையா?"ன்னு எந்திரிச்சு உக்காந்துடுவாங்க. தலைக்குள்ள நீர் கோத்திருக்கும், இதயத்துல ஓட்டை இருக்கும், முதுகெலும்பு மூடாம இருக்கும், சிலசமயம் துடிப்பே இருக்காது. எதுவா இருந்தாலும் முழுசாப் பாத்து முடிக்கிற வரைக்கும் அண்ணி முகம் அசையாது. முடிச்சதும் துணியால ஜெல்லைத் துடைச்சு விட்டு, சேலையைச் சரி பண்ணி விட்டு, உக்கார வெச்சு, அப்புறம்தான் சொல்லுவாங்க. படுத்திருக்கும்போது கெட்ட சேதி சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு. வீட்டுக்கு வந்ததும் அதே முகத்தோட டிவியைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. டிவி ஓடாது.

இப்போ என் அறிவாளித்தனத்தைச் சொல்றேன். சேர்ந்த புதுசுல ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் முதல்ல இருந்து அடிச்சுட்டு இருந்தேன். தலை, முகம், இதயம், வயிறு, கை, கால், பனிக்குட நீர், நஞ்சு, தொப்புள்கொடி. எல்லாருக்கும் முக்கால்வாசி ஒரே வரிதான். அதனால எல்லாமே நல்லபடியா இருக்கிற மாதிரி ஒரு முழு ரிப்போர்ட்டை அடிச்சு வெச்சுக்கிட்டேன். பேரையும் அளவுகளையும் மாத்தினாப் போதும். அண்ணி ஏதாவது கோளாறு சொன்னா அந்த வரியை மட்டும் திருத்துவேன். சொல்லலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒரு ரிப்போர்ட்டுக்கு ஆறு நிமிஷம் மிச்சம். பெரிய டாக்டர் வந்து "மூளைக்காரிம்மா நீ"ன்னு பாராட்டினாரு. அவரு சென்டரோட முதலாளி, கையெழுத்துப் போடுறவரு. நானும் பூரிச்சுப் போனேன். பதினோரு வருஷம் அப்படியே ஓடுச்சு.

ஒரு நாள் பக்கத்து ரூம்ல இருக்கிற ரெண்டாவது மெஷின் படுத்துடுச்சு. அங்க எடுக்கிற பொண்ணு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்க, ரெண்டு ரூம் கூட்டமும் அண்ணி வாசல்ல. மூச்சு விட நேரமில்ல. ரிசப்ஷன்ல இருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுறாங்க. "இன்னும் முடியலையா, வெளிய சத்தம் போடுறாங்க"ன்னு. அண்ணி கருவியை இடது கைக்கு மாத்தி மாத்திப் பிடிச்சு எடுத்துட்டு இருந்தாங்க.

பதினொரு மணி வாக்குல பச்சைப் பையோட ஒரு பொண்ணு வந்தா. முப்பத்திமூணு வாரம், முதல் குழந்தை. புருஷன் வேற ஊர்ல வேலை. இவ இங்க அக்கா வீட்டுல தங்கியிருக்கா. அஞ்சாம் மாசம் அந்த ஊர்ல எடுத்த ஸ்கேன்ல நஞ்சு ரொம்பக் கீழ, கர்ப்பப்பை வாய்கிட்ட இருக்குன்னு சொல்லியிருந்தாங்களாம். குழந்தைக்குச் சாப்பாடும் மூச்சும் அனுப்புறது நஞ்சு. அது வாயை அடைச்சுட்டு இருந்தா ஆபத்து. இப்போ மேல ஏறியிருக்கான்னு பாக்கணும்.

அண்ணி பாத்தாங்க. "நஞ்சு நல்லா மேல ஏறிடுச்சும்மா"ன்னாங்க. அந்தப் பொண்ணு "அப்பாடா"ன்னு விட்ட மூச்சு எனக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. நல்ல சேதி அடிக்கிறது எங்களுக்கு ஒரு டீ குடிச்ச மாதிரி. அப்போ மறுபடி கதவு தட்டல். அண்ணி அளவுகளைச் சொன்னாங்க, நான் போட்டேன், பெரிய டாக்டர் ரெண்டு ரூம் தள்ளி உக்காந்து கையெழுத்துப் போட்டாரு, பச்சைப் பை போயிடுச்சு.

மூணு மணிக்குத்தான் சாப்பிட உக்காந்தோம். அண்ணி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு ஸ்பூனைக் கையில வெச்சுக்கிட்டே இருந்தாங்க.

"ஏம்மா, அந்தப் பச்சைப் பை பொண்ணு ரிப்போர்ட்ல கொடி எங்க சேருதுன்னு போட்ட?"

"நஞ்சோட நடுவுலன்னு போட்டேன்."

"நான் சொன்னேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லல அண்ணி. அதனாலதான் போட்டேன்."

அவங்க என்னையே பாத்தாங்க. முகத்துல ஈயாடல. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல.

"நான் சொல்லாததுக்குக் காரணம், நான் பாக்கவே இல்ல"ன்னாங்க அண்ணி.

சாப்பாட்டை அப்படியே மூடி வெச்சுட்டு ரூமுக்குப் போனோம். மெஷின்ல அந்தப் பொண்ணோட படங்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாங்க. தலை இருக்கு, கால் எலும்பு இருக்கு, நஞ்சு இருக்கு. கொடி நஞ்சுல போய்ச் சேருற இடத்துக்கு ஒரு படம் கூட இல்ல. கடைசிப் படத்துல, கர்ப்பப்பை வாய்க்கு மேல, முடி மாதிரி ஒரு கருப்புக் கோடு. அதைப் பாத்தது அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. ஏதோ மடிப்புன்னு நெனச்சிருக்காங்க. கலர் போட்டுப் பாத்திருந்தா ரத்தம் ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும். போடப் போகும்போதுதான் கதவைத் தட்டியிருக்காங்க.

எனக்குப் புரியிற மாதிரி சொன்னாங்க. கீழ இருக்கிற நஞ்சு மேல ஏறுதுன்னு சொல்றோமே, அது நடந்து போறதில்ல. கீழ்ப்பக்கம் சுருங்கிப் போகுது, மேல்பக்கம் வளருது. சிலசமயம் நஞ்சு போயிடும், அதோட ரத்தக் குழாய் மட்டும் கீழயே தங்கிடும். கொடியும் நஞ்சுல சேராம பனிக்குடத்துத் தோல்லயே சேர்ந்திருக்கும். அந்தக் குழாய்க்குப் பாதுகாப்பே கிடையாது, மெல்லிசுத் தோல்ல ஒட்டிட்டு வாயை மறிச்சு ஓடும். பனிக்குடம் உடையும்போது அதுவும் சேர்ந்து கிழியும். போறது குழந்தையோட ரத்தம். அவ்வளவு சின்ன உடம்புல எவ்வளவு இருக்கும்? பத்து நிமிஷம் தாங்காது.

"அந்தக் கோடு அதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"சொல்லல. மடிப்பாக் கூட இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியாததைத்தான் தெரியும்னு எழுதிக் கொடுத்திருக்கோம்."

பெரிய டாக்டர்கிட்ட போனாங்க. அவரு படத்தைக் கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, "இது ஒண்ணும் இருக்காதும்மா. நாமளே கூப்பிட்டு மறுபடி எடுத்தா நம்ம பேர் என்ன ஆகும்? நாலு வாரத்துல எப்படியும் வருவா, அப்போ பாத்துக்கலாம்"ன்னாரு.

"அதுக்குள்ள தண்ணி உடைஞ்சா?"

"உனக்கு இன்னிக்கு அலுப்பு. வெளிய ஒன்பது பேர் உக்காந்திருக்காங்க, அதைப் பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரு மேசையில இருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து எறிஞ்சிருப்பேன். அண்ணி "சரிங்க டாக்டர்"ன்னு வந்து, ஒன்பது பேரையும் பாத்து முடிச்சாங்க. ஒவ்வொருத்தருக்கும் கொடி சேருற இடத்தை வாய் விட்டுச் சொன்னாங்க. இதுக்கு நடுவுல நான் பச்சைப் பை கொடுத்த நம்பருக்கு ஏழு தடவை போன் பண்ணிட்டேன். அது புருஷன் நம்பர். எடுக்கல. அண்ணி பையை மாட்டிட்டு, "ஃபார்ம்ல வீட்டு விலாசம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. டாக்டர் கிளம்பிப் போயிட்டாரு. சாவி எங்ககிட்டதான் இருந்துச்சு.

பஸ்ல நிக்க இடமில்ல. அண்ணியால மேல கம்பியைப் பிடிக்க முடியாது, நான் அவங்க இடுப்பைப் பிடிச்சுட்டு நின்னேன். என்னைத் திட்டியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும்.

வீடு ஒரு லாண்டரிக்குப் பின்னாடி. கதவைத் திறந்தது அக்காக்காரி. முப்பது வயசு இருக்கும், கையில அயர்ன் பண்ணின சட்டைங்க. ஸ்கேன் சென்டர்ல இருந்து வர்றோம்னதும் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சா. பச்சைப் பை காலை நீட்டி உக்காந்து பட்டாணி உரிச்சுட்டு இருந்தா.

"ஒரு தடவை மறுபடி பாக்கணும்மா. இப்பவே வந்தா நல்லது"ன்னாங்க அண்ணி.

அவ பயந்துட்டா. அப்புறம் எந்திரிச்சுப் போய் ரிப்போர்ட்டை எடுத்துட்டு வந்தா. "எல்லாம் நல்லா இருக்குன்னுதானே எழுதியிருக்கீங்க? இதோ, கொடி நடுவுல சேருதுன்னு போட்டிருக்கே." விரலை வெச்சுக் காட்டுறா. நான் அடிச்ச வரி. எனக்கு எங்க பாக்கிறதுன்னு தெரியல. "அவரு ஞாயித்துக்கிழமை வர்றாரு. அவரோட வரேன்"ன்னா.

அண்ணி நெனச்சிருந்தா ஏதாவது சொல்லியிருக்கலாம். மெஷின் கோளாறு, படம் சரியா விழல, என்ன வேணா. நானே அப்படித்தான் சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்.

"அந்த வரி பொய்ம்மா. நான் அந்த இடத்தைப் பாக்கல. பாக்காமலே எழுதிட்டோம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடுறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

அக்காக்காரி சட்டைங்களை மேசையில வெச்சா. "பாக்காமலே எழுதுவீங்களா?"ன்னு கேட்டா. சத்தமே இல்ல அந்தக் குரல்ல. அவ தங்கச்சி பக்கம் திரும்பி, "கிளம்பு, நானும் வரேன்"ன்னா.

சென்டரைத் திறந்து லைட்டைப் போட்டோம். இந்தத் தடவை யாரும் கதவைத் தட்டல. அண்ணி அடி வழியா வைக்கிற கருவியை எடுத்து, அவ பயப்படாத மாதிரி ஒவ்வொண்ணையும் சொல்லிச் சொல்லி வெச்சு, கலர் போட்டாங்க. நான் தடுப்பைத் தாண்டி உள்ள நின்னுட்டு இருந்தேன். அந்தக் கருப்புக் கோடு சிவப்பாச்சு. வாய்க்குக் குறுக்க, இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும், குழந்தையோட துடிப்புக்கு ஏத்த மாதிரி விட்டு விட்டு ஓடுச்சு. அண்ணி முகம் அசையல. ஆனா கால் பெருவிரல் ரெண்டும் செருப்புக்குள்ள மடங்கியிருந்ததை நான் பாத்தேன்.

முடிச்சு, துடைச்சு, உக்கார வெச்சுச் சொன்னாங்க. "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா. கொடிதான் தப்பான இடத்துல சேர்ந்திருக்கு. வலி வர்றதுக்கு முன்னாடி, தண்ணி உடையுறதுக்கு முன்னாடி, ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா ஒண்ணும் ஆகாது. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரில சேரணும். வீட்டுக்குப் போக வேணாம்."

அன்னிக்கு ரிப்போர்ட்டை நான் வெறும் தாள்ல இருந்து அடிச்சேன். நாலு தடவை தப்பு வந்துச்சு. கையெழுத்துப் போட டாக்டர் இல்லாததால பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணியே போன் பண்ணிப் பேசி, வண்டி பிடிச்சு ஏத்தி விட்டாங்க.

பதினஞ்சு நாள் கழிச்சு ஆபரேஷன். பொண்ணு குழந்தை, ரெண்டு கிலோ நூறு கிராம். ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டியில இருந்துட்டு நல்லபடியா வெளிய வந்துச்சு. வந்து சொல்லணும்னு யாருக்கும் தோணல. நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சொன்னதும் அண்ணி "ம்"னாங்க. அன்னிக்கு மட்டும் பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் தண்ணியைத் திறந்து விட்டுட்டு இருந்தாங்க.

சினிமான்னா இதுக்கு மாலை போட்டிருப்பாங்க. இங்க பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, கேக்காம சென்டரைத் திறந்ததுக்கு அரை மணி நேரம் திட்டினாரு. நான் அந்த எல்லாம்-நல்லது ரிப்போர்ட்டை அழிச்சுட்டேன். இப்போ ஒவ்வொருத்தருக்கும் அண்ணி தலையில இருந்து கொடி வரைக்கும் சொல்றாங்க, நான் முதல்ல இருந்து அடிக்கிறேன். பாக்க முடியலன்னா பாக்க முடியலன்னே அடிக்கிறேன். கூட்டம் தெரு வரைக்கும் நிக்குது. எங்களை மெத்தனம்னு திட்டுறாங்க. வீட்டுக்குப் போக எட்டு மணி ஆகுது. அண்ணன் சாதம் மட்டும் வெச்சு வைக்கிறான், குழைஞ்சு போய். சாப்பிட்டுக்கிறோம்.

அண்ணி மட்டும் சரியாகல. ஒரு நாள் கொண்டை போட்டு விடும்போது கேட்டாங்க, "பதினோரு வருஷத்துல எத்தனை பேருக்கு அந்த வரி போயிருக்கும்?" கணக்குப் போட்டுப் பாத்தேன். சொல்லல.

அதுக்கு அடுத்த வாரம், மத்தியானம், அக்காக்காரி வந்தா. தங்கச்சியோட இல்ல, தனியா. எல்லாரும் போற வரைக்கும் பெஞ்ச்சுல உக்காந்திருந்தா. கடைசியா உள்ள வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினா. உள்ள எங்க சென்டர் ரிப்போர்ட். ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. அவளோடது.

"இதுலயும் கொடி நடுவுலன்னுதான் போட்டிருக்கு. இதைப் பாத்து எழுதினீங்களா, பாக்காம எழுதினீங்களா?"

அண்ணி கவரை வாங்கல. "குழந்தை எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

"ஒன்பதாம் மாசம் தண்ணி உடைஞ்சுது. ஒரே ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள துடிப்பு நின்னுடுச்சு. ஏன்னு யாரும் சொல்லல."

அண்ணி ஸ்டூலைத் திருப்பி மெஷின்ல அவ தேதியைத் தேடினாங்க. பழைய படம் இருந்துச்சு. ஒவ்வொண்ணா நகர்த்தினாங்க. தலை. இதயம். கால். நஞ்சு. அவ்வளவுதான். மறுபடி முதல்ல இருந்து நகர்த்தினாங்க, ஏதோ ரெண்டாவது தடவை வந்துடும்ங்கிற மாதிரி.

"படம் இல்லம்மா. நான் பாக்கல. உன் குழந்தைக்கும் அதேதான் இருந்துச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

அவ அழுவா, திட்டுவா, கையை ஓங்குவான்னு எல்லாத்துக்கும் நான் தயாரா நின்னேன். அவ கேட்டது ஒண்ணுதான். "இப்போ சொன்னதை எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தா வேலை போகும், கேஸ் வரும், பெரிய டாக்டர் கழுத்தைப் பிடிப்பாரு. நான் அண்ணி கையைத் தொட்டேன். அவங்க என்னைப் பாக்கவே இல்ல. சென்டர் தாளை எடுத்து அந்த நோகுற கையாலயே எழுதினாங்க. இன்ன தேதியில எடுத்த ஸ்கேன்ல கொடி சேரும் இடம் பார்க்கப்படவில்லை, பார்த்ததாக எழுதியது தவறு. கீழ பேர், கையெழுத்து. நானும் வாங்கி என் பேரை எழுதினேன், அடிச்சது நான்தானே.

அவ ரெண்டு தடவை படிச்சா. "கேஸ் போட இல்ல"ன்னா. "எங்க வீட்டுல காட்டணும். அன்னிக்குக் காலையில நான் பீரோவை நகர்த்தினேன். தூசியா இருக்கேன்னு. அதனாலதான் குழந்தை போச்சுன்னு ரெண்டு வருஷமா மாமியார் சொல்றாங்க. அவரும் அப்படித்தான் நெனைக்கிறாரு, சொல்றதில்ல." தாளை மடிச்சா. அப்புறம் எங்களைப் பாக்காம, மெஷினைப் பாத்துக் கேட்டா, "நான் பீரோவை நகர்த்தினதால இல்லல்ல?"

"இல்லம்மா"ன்னாங்க அண்ணி. "அதனால இல்ல."